ஸ்டுட்கார்ட்டில் கணினிவழிக் கட்டட வடிவமைப்பு படிக்க: எந்த வேலையை எப்போது முடிக்க வேண்டும்

பிஆர்க் முடித்துவிட்டு ரைனோ, கிராஸ்ஹாப்பர் போன்ற வடிவமைப்பு மென்பொருள்களில் இறங்கியவர்கள் ஒரு கட்டத்தில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் பெயரைக் கேட்காமல் இருக்க முடியாது. ரோபோ கை நார் சுற்றிக் கூரை கட்டுவதையும், மெல்லிய பிளைவுட் பட்டைகளை வளைத்துப் பந்தல் போடுவதையும் வீடியோவில் பார்த்துவிட்டு, "நாமும் அங்கே போகணும்" என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போய்ச் சேர இரண்டு வருடம் பிடித்தது. ஒரு வருடம் முழுக்க வீணானதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. எந்த வேலையை எப்போது தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அங்கே அகிம் மெங்கஸ் தலைமையிலான ஐசிடி, யான் க்னிப்பர்ஸ் தலைமையிலான ஐடிகேஇ என்ற இரண்டு ஆய்வு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் முதுகலைப் படிப்பின் பெயர் ஐடெக். நான்கு செமஸ்டர், ஆங்கிலத்தில், எம்எஸ்சி பட்டம். இந்தக் கட்டுரை அதை மனதில் வைத்து எழுதியது. ஜெர்மனியில் வேறு ஊருக்குப் போகிறவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிபாருங்கள்

சிரிக்காதீர்கள். நம்மூர்க்காரர்களுக்கு இதுதான் முதல் பள்ளம். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் பெயரும் ஓர் இனிஷியலும் இருக்கும். டிகிரி சான்றிதழில் அந்த இனிஷியல் முன்னால் வந்திருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும், இல்லையென்றால் அந்தக் கட்டமே காலியாக இருக்கும். ஜெர்மன் படிவங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லாமல் நகராது.

நான் ஒவ்வொரு படிவத்திலும் ஒவ்வொரு மாதிரி நிரப்பினேன். மொழித் தேர்வில் ஒரு பெயர், பல்கலைக்கழகக் கணக்கில் இன்னொரு பெயர். பிறகு எல்லாவற்றுக்கும் விளக்கக் கடிதம் எழுதினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி எல்லா இடத்திலும் நிரப்புங்கள். மதிப்பெண் பட்டியலில் வேறு மாதிரி இருந்தால், "இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள்தான்" என்று முத்திரைத்தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்து நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டிய நிலைமை என்றால் இப்போதே தொடங்குங்கள். விண்ணப்பத்துக்கு நடுவில் பாஸ்போர்ட் எண் மாறினால் அது தனித் தலைவலி.

2. மார்க் ஷீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து வையுங்கள்

பிஆர்க் என்றால் பத்து செமஸ்டர், பத்து மார்க் ஷீட். அரியர் இருந்தால் அதை எழுதித் தேறிய பட்டியலும் வேண்டும். "தோற்ற பட்டியலை எதற்குக் காட்ட வேண்டும், கன்சாலிடேட்டட் ஷீட் போதாதா" என்று நினைத்து நான் இரண்டை விட்டுவிட்டேன். போதாது. சரிபார்க்கிறவர்களுக்கு எந்தப் பாடம் எப்போது தேறியது என்று கணக்கு நேராக வர வேண்டும். அரியர் இருப்பது குற்றம் இல்லை, பட்டியல் விடுபட்டால்தான் சந்தேகம் வரும்.

கூடவே பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட். விண்ணப்பித்த அன்றே கிடைக்காது, நேரில் அலைய வேண்டியிருக்கலாம். குறைந்தது இரண்டு மாதம் ஒதுக்குங்கள்.

ஜெர்மனியில் மதிப்பெண் தலைகீழ்: 1 மிகச் சிறந்தது, 4 தேர்ச்சியின் விளிம்பு. கணக்கு இதுதான். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டுங்கள். 10-க்கு 7.8 வாங்கியிருக்கிறீர்கள், தேர்ச்சி 5 என்றால் 2.32 வரும். தேர்ச்சி மதிப்பெண் என்ன என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்குங்கள். அது மாறினால் விடையும் மாறும்.

3. ஏபிஎஸ் சான்றிதழ்: தாள்கள் கைக்கு வந்ததும் இதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்

2022 நவம்பர் 1 முதல், இந்தியாவில் படித்தவர்கள் ஜெர்மனிக்கு மாணவர் விசா கேட்டால் ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம். உங்கள் சான்றிதழ்கள் உண்மையானவை, அதை வைத்து அங்கே படிக்கலாம் என்று டெல்லியில் உள்ள மையம் தரும் தாள் அது. கட்டணம் 18,000 ரூபாய். பாஸ்போர்ட், பத்தாவது, பன்னிரண்டாவது, எல்லா செமஸ்டர் பட்டியல்கள், டிகிரி எல்லாம் கேட்பார்கள். பல பல்கலைக்கழகங்கள் விசா வரை காத்திருக்காமல் விண்ணப்பத்திலேயே இதைக் கேட்கின்றன.

என் முதல் வருடம் போனது இங்கேதான். போர்ட்ஃபோலியோவை, அதாவது என் வேலைகளின் தொகுப்பை, மெருகேற்றிக்கொண்டே இருந்தேன். ஏபிஎஸ்ஸை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளினேன். கடைசியில் எல்லாரும் விண்ணப்பிக்கும் சீசனில் போய் வரிசையில் நின்றேன், அந்த இரண்டு மார்க் ஷீட்டுகள் இல்லாமலே. சான்றிதழ் வந்தபோது கடைசித் தேதி தாண்டியிருந்தது. ஒரே சான்றிதழ் எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் செல்லும், அதனால் எங்கே விண்ணப்பிப்பது என்று முடிவு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. அக்டோபரில் படிப்பு தொடங்கப் போகிறது என்றால் முந்தைய ஆண்டு ஆகஸ்டிலேயே இதற்குப் பணம் கட்டிவிடுங்கள்.

மொழித் தேர்வையும் அதே சமயத்தில் முடித்துவிடலாம். ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டு வருடம் செல்லும். அதைப் பற்றிச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

4. மென்பொருள்: மாணவராக இருக்கும்போதே வாங்குங்கள்

ரைனோவின் முழு உரிமம் 995 டாலர், மாணவர் உரிமம் 195 டாலர். மாணவர் உரிமம் படிப்பு முடிந்ததும் காலாவதி ஆகிவிடாது, தொடர்ந்து பயன்படுத்தலாம். ஆனால் வாங்கும்போது மாணவர் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். கடைசி செமஸ்டரில் அடையாள அட்டை கையில் இருக்கும்போது வாங்காமல் விட்டால், வேலைக்குப் போன பிறகு ஐந்து மடங்கு. கிராஸ்ஹாப்பருக்குத் தனியாகப் பணம் இல்லை, ரைனோவின் ஆறாம் பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது.

வாங்க முடியாதவர்களுக்கு 90 நாள் சோதனைப் பதிப்பு இருக்கிறது. 90 நாள் முடிந்ததும் கோப்பைச் சேமிக்க விடாது. அதனால் "சும்மா பார்ப்போம்" என்று இன்று இறக்கிவிடாதீர்கள். என்ன செய்யப் போகிறோம் என்று காகிதத்தில் முடிவு செய்த பிறகு இறக்குங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு, சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இருக்கும் பிளாக் ஆய்வுக் குழு உருவாக்கிய காம்பஸ் என்ற திறந்தமூலக் கட்டமைப்பு இலவசம்.

5. போர்ட்ஃபோலியோவுக்காக ஒரு பொருளைச் செய்யுங்கள்

நிறைய பேர் வழுக்குவது இங்கே. நானும்தான். என் முதல் போர்ட்ஃபோலியோ 46 பக்கம், அத்தனையும் பளபள ரெண்டர், கணினியில் செய்த படங்கள். வளைந்த கோபுரம், அலையலையாய் முகப்பு. ஒன்றுகூட உலகத்தில் இல்லை. இந்தத் துறையில் அதற்கு மதிப்பு குறைவு. வடிவத்தைக் கணினியில் வரைவது எளிது. அதை எந்தப் பொருளில், எந்த இயந்திரத்தில், எத்தனை துண்டாக, எந்த இணைப்போடு செய்வது என்பதுதான் கேள்வி.

ஓர் உதாரணம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் உர்பாக்கில் 2019-இல் 14 மீட்டர் உயர மரக் கோபுரம் ஒன்று எழுந்தது. அதன் வளைந்த பலகைகளை யாரும் அச்சில் வைத்து அழுத்தவில்லை. ஈரமான மரம் காயும்போது சுருங்கும், அந்தச் சுருக்கமே பலகையைத் தேவையான அளவுக்கு வளைக்கும்படி முன்கூட்டியே கணக்குப் போட்டு அடுக்கினார்கள். நம்மூர் ஆசாரி "பச்சை மரம், முறுக்கிக்கும்" என்று ஒதுக்கிவைப்பாரே, அதே குணம்தான். இதைப் படித்த பிறகுதான் என் போர்ட்ஃபோலியோவில் என்ன இல்லை என்று புரிந்தது. பொருள் எங்கேயும் இல்லை.

ரோபோ வேண்டாம். ஊரில் பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் இயந்திரம் இருக்கிறது. மரவேலைப் பட்டறைகளில் சிஎன்சி ரௌட்டர் இருக்கிறது, பூஜையறைக் கதவில் பிள்ளையார் செதுக்கும் அதே இயந்திரம். அதில் உங்கள் பிளைவுட்டையும் வெட்டலாம். போவதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்:

அளவு அலகு. வெட்ட வேண்டிய வரைபடம் இருக்கும் டிஎக்ஸ்எஃப் கோப்பைக் கடைக்காரர் திறக்கும்போது அது மில்லிமீட்டரா அங்குலமா என்று அவருடைய மென்பொருள் ஊகிக்கிறது. தப்பாக ஊகித்தால் 25.4 மடங்கு வித்தியாசம். கோப்பின் மூலையில் 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்து வையுங்கள், அதை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.

பலகையின் தடிமன். 3 மில்லிமீட்டர் எம்டிஎஃப் என்று விற்பது 3 ஆக இருப்பதில்லை. வெர்னியர் காலிப்பர் எடுத்துப் போய்க் கடையிலேயே அளங்கள். லேசர் கதிரும் வெட்டும் இடத்தில் கொஞ்சம் பொருளைத் தின்னும். நான் ஒரு சின்னப் பந்தலுக்கு 240 துண்டுகளை ஒரே மூச்சில் வெட்டி வாங்கி வந்தேன். வீட்டில் கோர்த்தால் எல்லாம் லொடலொட. அதற்குப் பிறகுதான் சீப்பு மாதிரி ஒரு சோதனைத் துண்டு வெட்டக் கற்றுக்கொண்டேன்: 2.6, 2.7, 2.8 என்று 3.1 வரை பள்ளங்கள். எதில் இறுக்கமாக உட்காருகிறதோ அந்த எண்ணை கிராஸ்ஹாப்பரில் போட்டால் 240 துண்டும் தானாகத் திருந்தும். கணினிவழி வடிவமைப்பின் பயன் எனக்கு உறைத்தது அந்த நிமிடத்தில்தான், எந்த வீடியோவிலும் இல்லை.

ரௌட்டரின் மூலை. 6 மில்லிமீட்டர் பிட் (சுழலும் வெட்டுமுனை) உள்மூலையில் 3 மில்லிமீட்டர் வளைவை விட்டுச் செல்லும். சதுரமான துண்டு அதற்குள் போகாது. மூலையில் சின்ன வட்டம் கூடுதலாக வெட்டவிடுங்கள்.

கடைக்காரர்கள் பெரும்பாலும் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். ஒரே கோட்டை இரண்டு முறை வரைந்திருந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும், நீங்கள் இரண்டு மடங்கு கொடுப்பீர்கள். அனுப்புவதற்கு முன் இரட்டைக் கோடுகளை நீக்குங்கள். மதியத்துக்கு மேல் கூட்டம் குறைவாக இருக்கும்போது போனால் அண்ணன்கள் நின்று பேசுவார்கள், இயந்திரத்தின் குணத்தைச் சொல்லித் தருவார்கள்.

என் இரண்டாவது போர்ட்ஃபோலியோ 20 பக்கம். அதில் எட்டு பக்கம் அந்த லொடலொட பந்தல்: முதல் தோல்வி, சீப்பு, திருத்திய இணைப்பு, கடைசியில் என் தங்கை உள்ளே உட்கார்ந்திருக்கும் படம். பழைய ரெண்டர்களில் இரண்டு மட்டும் தப்பின. குழுவாகச் செய்தது என்றால் எது உங்கள் பங்கு என்று ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் எல்லாமே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

6. பேராசிரியருக்கு மெயில் எழுதலாமா?

என்னிடம் பணம் வாங்கிய ஓர் ஆலோசனை மையம் "பேராசிரியரிடம் சம்மதக் கடிதம் வாங்குங்கள்" என்றது. முதுகலைக்கு அப்படி எதுவும் தேவையில்லை. விண்ணப்பம் பல்கலைக்கழகத்தின் இணையவாசல் வழியாகப் போகும், குழு பார்க்கும், அவ்வளவுதான். சம்மதம் கேட்டு நீளமாக எழுதுவது இரண்டு பேருக்கும் நேர விரயம்.

முனைவர் பட்டம் வேறு கதை. ஜெர்மனியில் இந்தத் துறையில் முனைவர் ஆய்வாளர் பெரும்பாலும் சம்பளம் வாங்கும் ஊழியர். வேலை விளம்பரம் வரும், அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். முதுகலைப் பட்டம் கேட்பார்கள். இதனால்தான் சூரிக்கின் ஒரு வருட எம்ஏஎஸ் படிப்பை யோசிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டிஜிட்டல் ஃபேப்ரிகேஷனுக்கு அது அருமையான படிப்பு, ஆனால் அது தொழில்முறைத் தொடர்கல்விப் பட்டம், முனைவர் படிப்புக்கு நேர் வாசல் இல்லை. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு வாசலைத் தேர்ந்தெடுங்கள்.

யாரிடம் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொள்ள அவர்களுடைய கட்டுரைகளைப் படியுங்கள். கியூமின்கேட் என்ற தரவுத்தளத்தில் இந்தத் துறையின் மாநாட்டுக் கட்டுரைகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. முகப்புப் படத்தை விடுங்கள், "வரம்புகள்" என்று கடைசியில் ஒரு பத்தி இருக்குமே, அதைப் படியுங்கள். நோக்கக் கடிதத்தில் எழுத விஷயம் அங்கேதான் கிடைக்கும். "சிறு வயதிலிருந்தே கட்டடங்கள் மீது ஆர்வம்" என்று தொடங்கும் கடிதத்தை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

பரிந்துரைக் கடிதம் அலுவலகத் தாளில், அலுவலக மெயில் முகவரியோடு இருக்கட்டும்.

7. பணம்

கல்விக் கட்டணம்: ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. நான்கு செமஸ்டருக்கு 6,000. அதற்கு மேல் செமஸ்டர் பங்களிப்பு 200 யூரோவுக்கு முன்னே பின்னே. "ஜெர்மனியில் படிப்பு இலவசம்" என்று கேட்டு வந்தவர்கள் இங்கே திடுக்கிடுவார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் வாங்குகிறது, முதுகலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. வேறு ஊர்களில் யூனி-அசிஸ்ட் (பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் அமைப்பு) வழியாகப் போனால் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அடுத்தடுத்தவற்றுக்கு 30.

பிளாக்டு அக்கவுண்ட்: ஒரு வருடச் செலவுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 ஆக உங்களுக்கே திரும்பி வரும். யூரோ 100 ரூபாய் என்று வைத்தால் கிட்டத்தட்ட 12 லட்சம். இதில் மூன்று பள்ளங்கள்.

வழியில் இருக்கும் வங்கிகள் கமிஷன் பிடிக்கும். 11,904 அனுப்பினால் 11,880 போய்ச் சேரும், முழுத் தொகையும் வந்ததாக உறுதித் தாள் வராது. எல்லாக் கட்டணமும் அனுப்புபவர் தலையில் என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள், கூடவே ஐம்பது யூரோ சேர்த்து அனுப்புங்கள்.

ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் மேற்படும் தொகைக்கு டிசிஎஸ் (வங்கியே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) பிடிப்பார்கள். கல்விக்கு என்றால் விகிதம் குறைவு, மற்றதற்கு 20 சதவீதம். என் வங்கிக் கிளையில் நோக்கத்தைத் தவறாகப் போட்டுவிட்டார்கள். திருத்த ஒரு வாரம். அனுமதிக் கடிதத்தை நகல் எடுத்துக் கையில் கொண்டுபோய், "கல்வி" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பிடித்த வரி, பணம் அனுப்பியவரின் பான் எண்ணில்தான் ஏறும். அப்பா அனுப்பினால் அப்பாதான் வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்க வேண்டும். கல்விக் கடன் பணம் என்றால் இந்தப் பிடித்தம் இல்லை.

கடனுக்கு நாள் பிடிக்கும். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாக அடமானம் கேட்பார்கள். பத்திரம், தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் அறிக்கை. எங்கள் வீட்டுப் பட்டா தாத்தா பெயரிலேயே இருந்தது. அதை மாற்ற எடுத்த நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. கடன் வாங்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பம் போடும் முன்பே பட்டாவைப் பாருங்கள்.

உதவித்தொகை என்றால் டாட் என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பில் கட்டடக் கலைக்குத் தனிப் பிரிவு உண்டு. அதற்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், அனுமதி வந்த பிறகு தேடினால் பயனில்லை. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தையும் பாருங்கள்.

8. விசா

விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றி, அவர்கள் பார்த்த பிறகு நேரில் வர நாள் தருவார்கள். கட்டணம் 75 யூரோ, சேவை மையத்தின் கட்டணம் தனி. அனுமதிக் கடிதம், ஏபிஎஸ், பிளாக்டு அக்கவுண்ட் உறுதி, மருத்துவக் காப்பீடு, பாஸ்போர்ட், நோக்கக் கடிதம் எல்லாம் வேண்டும். வரிசையைக் கவனியுங்கள்: அனுமதி வந்த வாரமே பிளாக்டு அக்கவுண்ட் திறக்க வேண்டும், ஏனென்றால் அதன் உறுதித் தாள் இல்லாமல் விசா நகராது.

2025 ஜூலையிலிருந்து, மறுத்தால் அதே தூதரகத்திடம் மறுபரிசீலனை கேட்கும் வழியை எடுத்துவிட்டார்கள். புதிதாக விண்ணப்பிக்கலாம், இல்லையென்றால் ஜெர்மன் நீதிமன்றம். ஆகவே முதல் தடவையே முழுசாகக் கொடுங்கள்.

காப்பீட்டில் ஒன்று. 30 வயதுக்குள் என்றால் மாணவர்களுக்கான பொதுக் காப்பீடு கிடைக்கும், மாதம் 140 யூரோவைத் தாண்டும். பத்து வருடம் ஆபீஸில் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் தனியார் காப்பீட்டை முன்பே விசாரியுங்கள். விமானம் இறங்கும் நாளுக்கும் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்யும் நாளுக்கும் நடுவில் தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும். அதைப் பலர் மறக்கிறார்கள்.

9. போய் இறங்கிய முதல் மாதம்

மாணவர் விடுதிக்கு அனுமதி வந்த அன்றே விண்ணப்பியுங்கள். காத்திருப்போர் பட்டியல் நீளம். கட்டடக் கலைத் துறை நகர நடுவில் கெப்ளர் தெருவில், விடுதிகள் பல ஃபைஹிங்கன் வளாகத்தில். உள்ளூர் ரயிலில் சில நிலையங்கள்தான், தூரத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். ஃபைஹிங்கனில் 1980-களில் மாணவர்களே கட்டிய பவ்ஹாய்ஸ்லே விடுதி இருக்கிறது. இடம் கிடைக்காவிட்டாலும் ஒரு நாள் போய்ச் சுற்றிப் பாருங்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதித் தாள் வேண்டும். "பதிவு செய்ய முடியாது, ஆனால் தங்கலாம்" என்று சொல்லும் வாடகை அறைகளைத் தொடாதீர்கள். பதிவு இல்லாமல் அடுத்த வேலைகள் பலவும் நிற்கும்.

வேலை பார்க்க ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. ஆய்வு நிறுவனங்களிலேயே மாணவர் உதவியாளர் வேலை கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. ரோபோவைத் தொடும் வாய்ப்பும் அங்கேதான். முதல் செமஸ்டரிலேயே கேட்டு வையுங்கள்.

பதிவு செய்த சில வாரத்தில் வானொலிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும், வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. மோசடிக் கடிதம் என்று நினைத்து நான் கிழித்துப் போட்டேன். மோசடி இல்லை, கட்டாயம். பகிர்ந்த வீட்டில் இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். யார் கட்டுகிறார்கள் என்று கேட்டு, அவர்களுடைய கட்டண எண்ணை எழுதி அனுப்பிவிடுங்கள்.